துவைக்காத துணி

"நாத்தமே இல்லையே இங்க!" என்று எங்கள் நாய்க் காப்பகத்துக்குள் நுழைந்ததும் மூக்கை நாலு பக்கமும் திருப்பி மோந்துவிட்டுச் சொன்னாள் அந்த அம்மாள். நாயைத் தங்கவைக்க இதுவரை நாலு இடம் பார்த்துவிட்டாளாம். ஒன்றில் ஏசி இருந்ததாம், கூடவே மூத்திர வாடையும். இன்னொன்றில் குரைப்புச் சத்தத்தில் காது கிழிந்ததாம். "எனக்குச் சுத்தம்தான் முக்கியம். இங்கயே விட்டுட்டுப் போறேன்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதுமே எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் ஆனால் மறந்துவிடுமா? அவளுக்கோ என்னைத் துளியும் அடையாளம் தெரியவில்லை. எனக்கு அதுதான் எரிந்தது.

அவள் எங்கள் பழைய வீட்டுக்காரம்மா. நாங்கள் மாடியில் குடியிருந்தோம், கறுப்பன் என்ற நாயோடு. படியெல்லாம் நாய் வாடை அடிக்கிறது, ஒன்று அது போகணும், இல்லை நீங்கள் போகணும் என்று ஞாயிற்றுக்கிழமை வரை கெடு வைத்தாள். மாமனார் படுத்த படுக்கை. அவரைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? கறுப்பனை ஊர்க்கோடியில் ஒரு மரக்கடையில் விட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் நாள், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், எப்படியோ வழி கண்டுபிடித்து வந்துவிட்டான். கேட் பூட்டிக் கிடந்தது. வாசலிலேயே ஒரு வேன் அவனை அடித்துப் போட்டது. "கழுவி விட்டுடும்மா, கறை பிடிச்சுக்கும்" என்றாள் மகராசி. கழுவினேன்.

இப்போது அவள் பிடித்திருந்த கயிற்றில், கண்ணில் புரை விழுந்த ஒரு கிழட்டு வெள்ளை நாய். மதியத்துக்குள் அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும். நாளைக்கு நெஞ்சில் ஆபரேஷன். நாயைப் பார்த்துக்கொள்ள நாதியில்லை. வசமாக மாட்டினாள் என்று மனசு துள்ளியது. பொய் சொல்வானேன், துள்ளத்தான் செய்தது.

"இங்க வேலை பாக்கற பொண்ணு போன்ல கொண்டாரச் சொன்ன துணி எங்க?" என்றேன். வளர்ப்பவர்கள் உடுத்திய துணியைக் கூடவே போட்டால்தான் புது இடத்தில் நாய் சாப்பிடும், தூங்கும். எங்களிடம் அது கட்டாயம். அவள் பையிலிருந்து மடிப்புக் கலையாத துண்டு ஒன்றை எடுத்தாள்.

"துவைச்சதா?"

"பின்ன? ரெண்டு தடவை அலசி, இஸ்திரி போட்டுக் கொண்டாந்திருக்கேன்."

"இதை வெச்சு நான் என்ன பண்றது? உங்க நாத்தம் வேணும்மா. அது இருந்தாத்தான் இவன் படுப்பான்."

அவள் முகம் செத்துப்போனது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அதோடு விட்டேனா? "கறுப்பனை ஞாபகம் இருக்கா? உங்க வாசலைக் கழுவினவ நான்தான்" என்றேன்.

கயிற்றை இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். போகட்டும், என்னை மாதிரி அலையட்டும். ஆனால் அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கு நான் வீட்லதான் இருந்தேன். ரொம்ப நேரம் கேட்டைப் பிராண்டிச்சு. தானா போயிடும்னு ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன்."

கீழ்வீட்டில் அன்றைக்கு யாருமில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். நீ உருப்படுவியா, ஆபரேஷன் மேசையை விட்டு எழுந்திருப்பியா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவள் போர்த்தியிருந்த சால்வையை எடுத்து, ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, என் மேசைமேல் வைத்தாள்.

"வேற இடம் தேட நேரமில்லை. என்னை என்ன வேணா சொல்லு. இவன் பிராண்டினா மட்டும் திறந்து விட்டுடு, தாயே."

அவள் ஏறிய டாக்சி தெருமுனை திரும்பியது. நாயை அறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் நகம் கதவில் பட்டது. மெல்ல, பிறகு விடாமல். கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டு முன்னங்கால்களும் கதவின்மேல் ஏறி ஏறி வழுக்கிக்கொண்டிருந்தன. நான் சால்வையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.