சுவருக்குப் பதிலாக

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் தொங்கும் பதாகையில் ‘இயற்பியல் சக்கரவர்த்தி’ டாரியஸ் மார்புக்குக் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். டியூஷன் வகுப்பிலும் அதே தோரணைதான்.

“பந்து சுவத்துல மோதுன அதே வேகத்துல திரும்பி வருது. அப்போ மொமண்டம் மாற்றம் சீரோ. அஃப்ரீன், உன் விடையை அழி. இல்லைன்னா கிளாஸை விட்டுப் போ.”

அஃப்ரீனுக்கு அடுத்த வாரம் தேர்வு. இனி வேறு வகுப்பும் கிடைக்காது. ஆனாலும் அவள் ரப்பரைத் தொடவில்லை.

“திசை மாறுதே சார். பந்து முதல்ல நிக்கணும், அப்புறம் திரும்பணும். ரெண்டு மடங்கு மாற்றம் லா.”

“வெளிய பேனர்ல யார் படம் இருக்கு? உன்னுதா, என்னுதா?”

அது இயற்பியல் கேள்வி இல்லை. அவள் பையிலிருந்து, பள்ளிப் பயிற்சிக்காக வைத்திருந்த வலைப்பந்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“மாற்றம் சீரோன்னா சுவர் மேல ஃபோர்ஸும் சீரோதானே? பந்து பட்டதே தெரியாது. சுவத்துக்குப் பதிலா நீங்க நில்லுங்க சார்.”

சக்கரவர்த்தி சிரித்தார். அவள் கையை ஓங்கினாள்.

பந்து அவள் கையைவிட்டுக் கிளம்பவே இல்லை. அதற்குள் பதாகைப் புகழ் பெற்ற அந்த இரண்டு கைகளும் முகத்தை மூடிக்கொண்டன.

“எறியலை சார்,” என்றாள் அஃப்ரீன். “விடையையும் அழிக்கலை.”

பந்தைப் பைக்குள் போட்டுவிட்டு, உட்கார்ந்து அடுத்த கணக்கைப் போடத் தொடங்கினாள்.