குறுக்கே பேசாதவள்

தேர்வு முடிவு வந்த காலையில் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, அவருக்கு மூன்று வயது மூத்தவளான அத்தை, அம்மா, நில அளவை வேலை பார்க்கும் மகன், மருந்துக் கடையில் பதினோரு வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கும் மகள். மகளுக்கு முப்பத்து மூன்று வயதாகிவிட்டது. வீட்டில் இன்னமும் பாப்பாதான். பக்கத்து வீட்டுக்காரர் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார். அப்பா உள்ளே கூப்பிடவில்லை.

மகன் மடிக்கணினியில் முதலில் பாப்பாவின் எண்ணைத் தட்டினான். படித்தல், எழுதுதல், கேட்டல் மூன்றிலும் நல்ல மதிப்பெண். பேசுதலுக்கு நேரே சிவப்பு எழுத்து.

கடல் கடந்து ஒரு பெரிய மருத்துவமனை அவளை மருந்தாளுநராக எடுத்துக்கொள்வதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. உயர்நிலை ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதியிலும் தேறிய சான்றிதழை மாத முடிவுக்குள் காட்ட வேண்டும். அடுத்த தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் கிடந்தது.

மகன் தன் எண்ணையும் தட்டினான். மூன்றில் தோல்வி. பேசுதலில் மட்டும் தேறியிருந்தான்.

"நல்லா இருக்கு கூத்து," என்றாள் அத்தை. "வேலைக்குப் போறவளுக்கு வாய் அடைச்சுப் போச்சு, வேடிக்கை பார்க்கப் போனவனுக்கு வாய் திறந்திருக்கு."

அவன் எதற்காக அந்தத் தேர்வை எழுதினான் என்றால், அது அப்பாவின் யோசனை. தேர்வு மையம் வெளியூரில் இருந்தது. பெண்ணைத் தனியே அனுப்ப அவருக்கு மனம் ஒப்பவில்லை. துணைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்று தெரிந்ததும், "நீயும் பேர் குடுத்துடுடா. அப்புறம் எவன் தடுப்பான்?" என்றார். முப்பத்தாறு வருடம் விதிப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்திய மூளை. அன்று முழுவதும் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு திரிந்தார்.

ஐந்து மாதம் பாப்பா உயிரைக் கொடுத்துப் படித்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காய் நறுக்கினாள். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் காலி மருந்து அட்டைகளின் பின்புறம் புதுச் சொற்களை எழுதிப் பழகினாள். அண்ணன்காரன் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக்கொண்டு உறங்கினான்.

பேச்சுத் தேர்வுக்கு இரண்டிரண்டு பேராக உட்கார வைப்பார்கள். இருவரும் ஒரு விஷயத்தை விவாதித்துக் காட்ட வேண்டும். பயிற்சி சார் போனில் பாடம் நடத்தியபோது அப்பா பக்கத்தில் இருந்தார்.

"கூட இருக்கிறவர் இழுத்துக்கிட்டே போனா நடுவுல புகுந்து பேச்சை வாங்கிக்கணும். மறுத்துப் பேசணும். மரியாதை பார்த்து உட்கார்ந்தீங்கன்னா மார்க் போயிடும்."

"இது பரீட்சையா, தெருச்சண்டையா?" என்றார் அப்பா.

"அப்பா, அதுக்குத்தான் மார்க்கே," என்றாள் பாப்பா.

"இந்த வீட்டுப் பொண்ணு பெரியவங்க பேச்சை வெட்டினான்னு யாராவது சொன்னதுண்டா? உன் முறை வரட்டும், அப்போ அழகாப் பேசு."

அதோடு விட்டாரா? அண்ணனும் தங்கையும் பேசிப் பழகும்போது எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாப்பா குறுக்கிட்டபோதெல்லாம் தொண்டையைச் செருமினார். சில வாரங்களில் செருமத் தேவையில்லாமல் போயிற்று.

தேர்வு முடிந்து வந்த அன்று இருவரும் "பரவாயில்லை" என்றதோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது அப்பா மகனைப் பார்த்துக் கேட்டார்.

"உள்ளே என்னடா நடந்தது?"

"ஒண்ணா பேர் குடுத்தோம் இல்லப்பா, நம்பர் அடுத்தடுத்து வந்துச்சு. எங்க ரெண்டு பேரையும் ஒரே ஜோடியாப் போட்டுட்டாங்க."

"சரி, அப்புறம்?"

"எந்த வேலை மனுஷனைச் சீக்கிரம் சலிக்க வைக்கும்னு மூணு படம் காட்டினாங்க. நான் ஆரம்பிச்சேன். நடுவுல ஒரு வார்த்தை ஞாபகத்துக்கு வரலை. நிறுத்தினா மானம் போயிடும்னு சுத்திச் சுத்தி இழுத்தேன். தேர்வு வச்ச அம்மா ரெண்டு தடவை பாப்பாவைப் பார்த்தாங்க. இவ என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. நேரம் முடிஞ்சிடுச்சு."

"உனக்கு அந்த வார்த்தை தெரியாதாம்மா?" என்று கேட்டார் அப்பா.

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே?"

"அண்ணன் பேசிக்கிட்டிருந்தாங்கப்பா."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் அப்பா ஒரு அதட்டல் போட்டுத் தப்பித்திருப்பார்.

"மூணு மாசம் கழிச்சு மறுபடி எழுதலாமே," என்றாள் அம்மா.

"எழுதலாம்மா. அதுக்குள்ள அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில வேற யாராவது உட்கார்ந்திருப்பாங்க. கடைக்கு நேரமாச்சு."

பாப்பா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் படியிறங்கும் சத்தம் ஓயும் வரை பொறுத்திருந்துவிட்டு அத்தை தம்பி பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கோ தம்பி. துணைன்னு ஒரு பாறாங்கல்லை அவ கழுத்துல கட்டி அனுப்பினது நீ. தேர்வு வைக்கிறவன் பேசுன்னு சொல்றான், பெத்தவன் பேசாதேன்னு செருமுறான். அவ யாருக்குக் கீழ்ப்படிவா? இனி இந்த ஜன்மம் முழுக்க அந்தக் கடையில நின்னு மாத்திரை எண்ணுவா. உனக்கு மானம் மிச்சம். எடுத்து நெத்தியில ஒட்டிக்கோ."

அவருக்குச் சொல்லப் பதில் இருந்தது. ஆனால் பேசிக்கொண்டிருந்தவள் அக்கா. அவள் முடிக்கும் வரை காத்திருந்தார். முடித்தபோது அந்தப் பதில் அவருக்கே சொல்லத் தகுந்ததாக இல்லை.

அன்று மாலை பாப்பா மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினாள். சான்றிதழ் தர இயலவில்லை, மன்னிக்கவும் என்று நான்கே வரி. மகன் வாங்கிப் படித்துப் பார்த்து, ஒரு பிழைகூட இல்லை என்றான்.

பத்து நாளில் சொந்தபந்தங்களிடையே ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. பாப்பாவுக்கு ஆங்கிலம் சுத்தமாக வராதாம். வெளிநாட்டு வேலை என்பதே அப்பா கட்டிவிட்ட கதையாம். சித்தப்பா போன் செய்து, "அண்ணே, இப்படிச் சொல்லிக்கிறாங்களே?" என்று இழுத்தார். அப்பா எழுந்து நின்றுகொண்டார்.

"பொய். வேலைக் கடிதம் என் அலமாரியில இருக்கு. அவளுக்கு இங்கிலீஷ் நல்லாவே வரும். அவளைப் பேச விடாதவன் நான்."