பிள்ளையின் நிறம்

அச்சு மெஷினிலிருந்து வந்த முதல் தாளை விரித்துப் பிடித்தபடி கனகசபாபதி அண்ணாச்சி பேசாமல் நின்றார். பேசாமல் நிற்கிற ஆளா அவர்? வெம்பக்கோட்டை ரோட்டில் பட்டாசு கம்பெனி வைத்திருப்பவர். நாலு பேர் பேச வேண்டியதை ஒற்றை ஆளாகப் பேசிவிட்டுப் போகிறவர். அவரே வாயடைத்துப் போனதைப் பார்த்ததும் டிசைன் போட்டுக் கொடுத்த தனுஷ்கோடி எட்டி அந்தத் தாளைப் பார்த்தான். அண்ணாச்சி புதிதாகப் போடுகிற பூச்சட்டிப் புஸ்வாண டப்பாவில் அவருடைய பேத்தி பிரீத்திகாவின் முகம் வர வேண்டும். வராமல் இல்லை, வந்திருந்தது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை மிளகாய் வற்றல் மூட்டைக்குள் முகத்தை விட்டு எடுத்த மாதிரி செக்கச்செவேல் என்று இருந்தது.

“பிள்ளைக்கு அக்கி வந்தாப்புல இருக்கே, தாயி,” என்றார் தனுஷ்கோடியின் சம்சாரம் சொர்ணலட்சுமியிடம். தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் அவளைக் குத்தியது. சத்தம் போட்டிருந்தால் அவளும் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். திங்கட்கிழமை வரை பொறுக்கிறேன், சீசன் நெருங்கிவிட்டது, அதற்கு மேல் வேறு இடத்தில் கொடுக்கிறதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கிளம்பினார். தாளை மட்டும் பேத்தியின் முகம் மடியாதபடி பார்த்து மடித்து வைத்தார்.

சிவகாசியில் லேபிள் டிசைன் போடுகிற கடைகள் தடுக்கி விழுந்தால் இருக்கின்றன. தனுஷ்கோடியும் அவன் சம்சாரமும் முன்னறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நாலு வருஷமாகத் தாக்குப் பிடிப்பதற்குக் காரணம் சொர்ணத்தின் கண். ஆர்டர் பிடிப்பதும் டிசைன் சி.டி.யைத் தூக்கிக்கொண்டு அச்சுக்கு ஃபிலிம் போடுகிற இடத்துக்கு அலைவதும் அவன் வேலை. நிறம் அவள் பாடு. கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதை விற்ற ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அச்சான லேபிள் ஒன்றை ஸ்கிரீன் ஓரத்தில் பிடித்துக்கொண்டு, சிவப்பைக் கூட்டுங்க, பச்சையைக் குறைங்க என்று அவரைப் படுத்தியெடுத்து, இரண்டும் ஒன்றாகிற வரை அவள் விடவில்லை. பிறகு யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று மானிட்டர் பட்டன்களின் மேல் செல்லோ டேப்பை ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து சொர்ணம் ஸ்கிரீனில் பார்த்துச் சரி என்று சொன்னால் காகிதத்திலும் அது சரியாகத்தான் வரும். மெஷின்காரர்களே அவள் வேலை என்றால் நிம்மதியாக ஓட்டுவார்கள்.

இப்போது அந்தப் பெயருக்குத்தான் கேடு வந்துவிட்டது. ஃபிலிமில் கோளாறா என்று போய்ப் பார்த்தான், இல்லை. மையில் கோளாறா என்றால், அதே தாளின் ஓரத்தில் சேர்த்து ஓட்டிய, வேறு கடையில் செய்த சாட்டை மத்தாப்பு லேபிள் ஒரு பிசகும் இல்லாமல் வந்திருந்தது. மானிட்டரில் ஒட்டிய டேப்பும் ஒட்டியபடியே இருந்தது. ஆக எல்லோரும் யோக்கியர்கள். மிச்சம் இருந்தது சொர்ணத்தின் கண் ஒன்றுதான்.

அவளும் அப்படித்தான் முடிவு கட்டிக்கொண்டாள். ஸ்கிரீனையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய்விட்டது என்றாள். விருதுநகருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண் டாக்டரிடம் காட்டினான். ஒன்றுமே இல்லையம்மா என்று அவர் சிரித்து அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது, அவருக்கு எழுத்துத் தெரிகிறதா என்றுதான் பார்க்கத் தெரியும், நிறம் தெரிகிறதா என்று அவர் எங்கே கண்டார் என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததெல்லாம் கொடுமை. தக்காளி பழுத்திருக்கிறதா என்று அவனிடம் கேட்டாள். இந்தச் சேலைக்கு இந்த ஜாக்கெட் சேருமா என்று அவனிடம் கேட்டாள். மெரூன் நூல் வாங்கி வா என்றால் காப்பிக்கொட்டை நிறத்தில் வாங்கி வந்து பேச்சு வாங்குகிற தனுஷ்கோடியிடம்! அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது. சேரும், சேரும் என்று சொல்லிவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: “வேற ஆள வச்சுக்கோங்க. இனிமே நான் அந்தச் சேர்ல உக்காரல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவள் கேஸ் சிலிண்டருக்குச் சொல்லி வைக்கச் சொல்வது மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். தனுஷ்கோடிக்கு ஆறவில்லை. இவள் கண்ணைப் பற்றி இவளுக்கே காட்டுகிறேன் என்று வீம்பாகக் கம்ப்யூட்டரைப் போட்டான். போன வருஷம் அவள் செய்த கம்பி மத்தாப்பு லேபிள், சிவப்பு மயில் போட்டது, ஊரே மெச்சியது, சுவரில் ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்துக்கொண்டு வந்தான். பழைய ஃபைலைத் திறந்து, லேபிளை ஸ்கிரீன் ஓரத்தில் பிடித்தான்.

காகிதத்தில் மயில் ரத்தச் சிவப்பாக இருந்தது. ஸ்கிரீனில் நாலு தடவை துவைத்த துண்டு மாதிரி வெளிறிப்போய் நின்றது. மெரூனுக்கும் காப்பிக்கொட்டைக்கும் வித்தியாசம் தெரியாத அவனுக்கே தெரிந்தது. ஃபைல் அதேதான். லேபிளும் அதேதான். அப்படியானால் மாறியது எது?

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. பிரீத்திகா வேலை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சொர்ணம் மல்லாங்கிணற்றில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் ஸ்கிரீனில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டுக்குப் புது டிரைவர் சாஃப்ட்வேர் இருந்தது. சும்மா கிடக்கிற எதையும் சும்மா விடாத மகராசன் அவன். போட்டுவிட்டான். அவள் வந்ததும் எழுத்தெல்லாம் எப்படிப் பளிச்சென்று இருக்கிறது பார் என்று பெருமையடித்தான், அவளும் ஆமாம் என்றாள். பளிச்சென்று வந்த டிரைவர் கம்ப்யூட்டருக்குள் அவள் பாடுபட்டு வைத்திருந்த நிறக்கணக்கை எல்லாம் துடைத்துப் போட்டுவிட்டது இரண்டு பேருக்கும் தெரியாது. டேப் ஒட்டியது வெளியே. இவன் கை வைத்தது உள்ளே.

“சொர்ணம், இங்கன வா. இதுல எது வெளிறிக் கெடக்கு?”

பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி பயந்துகொண்டே வந்து நின்றாள். நெடுநேரம் பார்த்தாள். “ஸ்கிரீன்ல இருக்கிறதுதான்,” என்றாள் மெதுவாக.

“எனக்கும் அப்படித்தான் தெரியுது.”

அவன் விஷயத்தைச் சொன்னான். வெளிறிய முகத்தைப் பார்த்து, பிள்ளைக்கு ரத்தமே இல்லையே என்று அவள் சிவப்பை ஏற்றியிருக்கிறாள், ஏற்றியதெல்லாம் காகிதத்தில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

“அப்ப எங்கண்ணு?”

“உங்கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல. கேடெல்லாம் நாந்தான்.”

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள் பாருங்கள், அவன் கை விளங்காமல் போக, அந்தப் பத்திரிகைக்காரன் விளங்காமல் போக என்று வாசல் வரை கேட்டது. தனுஷ்கோடி தலையைக் குனிந்துகொண்டு சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். ஒரு வாரமாக அவள் அவனைத் திட்டவே இல்லை.

புது டிரைவரைக் கழற்றிப் பழையதை ஏற்றுவதற்குள் அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒரு தடவை ஸ்கிரீன் கன்னங்கரேல் என்றானது. மறு தடவை ஐகான் எல்லாம் இட்லி அளவுக்கு வந்து நின்றது. கடைசியில் கம்ப்யூட்டரோடு வந்த சி.டி.யைப் பரணில் தேடியெடுத்துப் போட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. பழைய நிறக்கணக்கு மட்டும் திரும்பவில்லை. மயில் லேபிளை ஓரத்தில் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். அவன் நகர்த்த, அவள் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும், சரியா இருக்கா, நீங்களும் பாருங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஸ்கிரீனும் லேபிளும் ஒன்றான பிறகு பிரீத்திகாவைத் திறந்தால், தாளில் வந்த அதே மிளகாய் முகம். சொர்ணம் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். அப்போதும் அவள் முகத்தில் தெளிவு இல்லை.

திங்கட்கிழமை காலை அண்ணாச்சி பேத்தியோடு வந்து இறங்கினார். படத்தில்தான் குற்றமோ, வேறு படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று பிள்ளைக்குப் பவுடரை அப்பிக் கூட்டிவந்திருந்தார். சொர்ணம் முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள். மாநிறத்தில், கன்னத்தில் மட்டும் லேசாகச் செம்மை ஓடிய முகம் வெளியே வந்தது. பிள்ளையைத் தூக்கி மேஜையில் மானிட்டரை ஒட்டி உட்காரவைத்தாள். பிள்ளையின் கன்னத்தையும் ஸ்கிரீனில் இருந்த கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மவுஸ் இம்மி இம்மியாக நகர்ந்தது. நின்றது.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் டப்பாவில் வருகிற முகமில்லையா, இன்னும் ஒரு பொட்டு வெளுப்பாகக் காட்டினால் என்ன என்றார். கேட்பதைக் கொடுத்துவிட்டுப் போயேன், ஆர்டர் போய்விடும் என்று தனுஷ்கோடிக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“வெளுப்பாக்கினா அது வேற பிள்ளை, அண்ணாச்சி. எங்கண்ணுக்கு இதான் உங்க பேத்தி.”

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, பேத்தியையும் ஸ்கிரீனையும் பார்த்துச் சரி என்று தலையாட்டினார். பிரீத்திகா ஸ்கிரீனில் இருந்த தன் கன்னத்தோடு கன்னத்தை ஒட்டவைக்கக் குனிந்தாள். அவளுடைய முன்முடியில் நாலைந்து இழை எழும்பிப் போய் மானிட்டர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன.