பெயர் வரும் இடம்

பொம்மைக்கு ஒரு கண் மூடாது. கன்னியர் மடத்துப் பிள்ளைகள் விளையாடி ஓய்ந்து தூக்கிப் போட்டதைப் பங்குக் குருவான லெயோன் சாமி கேட்டு வாங்கி வந்திருந்தார். சனிக்கிழமை மாலைகளில், கோயிலுக்குப் பின்னாலிருந்த பள்ளிக்கூட அறையில், அது மேசைமேல் மல்லாந்து சாகக் கிடக்கும். வகுப்புக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய் அதற்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பழகுவார்கள்.

சாமி ஒருவர், ரப்பர் தோட்டங்களோ நிறைய. ஜாசின் பக்கம் போனாரென்றால் திரும்பி வரப் பல நாளாகும். சாகிறவர்கள் அவருக்காகக் காத்திருப்பதில்லை. அதனால் ஆபத்து வேளையில் செய்ய வேண்டியதைப் பங்கு மக்களில் சிலருக்குக் கற்றுக்கொடுப்பதென்று, மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த அந்த வருஷத்தின் தொடக்கத்தில் தீர்மானித்தார். ரெஜினாளும் பெயர் கொடுத்தாள். அவள் குடியிருந்த காஜா பெராங்கில் யார் வீட்டில் பிரசவமென்றாலும், யார் வீட்டில் மூச்சு இழுத்தாலும், பெண்கள் முதலில் ஆளனுப்புவது அவளுக்குத்தான். பிள்ளை குட்டி இல்லாதவள், கூப்பிட்டவுடனே வருவாள்.

"தண்ணீர் ஓட வேண்டும்," என்பார் சாமி. பாண்டிச்சேரியில் கற்ற தமிழ் அது. ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டது போலப் பேசுவார். "சொட்டினால் போதாது. நெற்றியில் தண்ணீர் ஓடும்போதே வாயில் வார்த்தையும் ஓட வேண்டும். முதலில் ஆளின் பெயர். பிறகு பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து. 'உன்னை' என்று சொல்ல வேண்டும். 'உங்களை' அல்ல."

லாரி ஓட்டும் சந்தியாகு கையைத் தூக்கினான். "சாகக் கெடக்கிறது என் மாமனாரா இருந்தா என்ன செய்யறது சாமி? 'உன்னை'ன்னா எந்திரிச்சு அறைஞ்சிருவாரே."

"எழுந்து அறைந்தால் நல்லது. பிழைத்துக்கொண்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். ரெஜினாளும் சிரித்தாள். அப்போது அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

வீட்டில் அவள் புருஷன்மேல் பழகினாள். அவர் சாலைக்குத் தார் போடும் ஆள், பி.டபிள்யூ.டி. வேலை. கும்பிடுவது பிள்ளையாரை. காலையில் வேலைக்குப் போகும்போது ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்தித் தலையில் குட்டிக்கொண்டுதான் போவார். அவர் பெயரும் அந்தச் சாமியின் பெயர்தான். கோயில் பலகையில் எழுதியிருக்கும் பெயரை ரெஜினாள் வாயால் படிக்கமாட்டாள். பிள்ளையார் கோயில் என்று சொல்லிக் கடந்துவிடுவாள். பிள்ளை பிறந்திருந்தால் இன்னாருடைய அப்பா என்றாவது கூப்பிட்டிருக்கலாம். அதுவும் இல்லாததால் இத்தனை காலமும் 'இந்தாங்க', 'கேட்டீங்களா' என்றே ஓடிவிட்டது.

"நான் செத்துக்கிட்டு இருக்கேன், சீக்கிரம் வா," என்று பாயில் நீட்டிப் படுத்துக்கொள்வார் அவர். அவள் வெறும் குவளையைச் சரிப்பாள்.

"மொதல்ல பேரு. ஒங்க சாமி என்ன சொல்லிக் குடுத்தாரு? பேரச் சொல்லு பாப்போம்."

"போங்க."

"பேரு சொல்லாம ஊத்தினா எனக்கா ஊத்துற, பாய்க்கா ஊத்துற?"

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து வந்தால் சட்டென்று வீட்டுக்குள் நுழையமாட்டார். வாசல்படியில் குந்தி, மழுங்கிய கத்தி ஒன்றால் பூட்ஸில் ஒட்டிய தாரைச் சுரண்டிக்கொண்டே இருப்பார். சுரண்ட ஒன்றுமில்லாமல் போன பிறகும் சுரண்டுவார். உள்ளேயிருந்து அவள் "வாங்க" என்று ஒரு சொல் சொன்னால்தான் எழுந்து வருவார். அது அவர்களுக்குள்ளே ஓடிய விளையாட்டு.

சுதந்திரக் கொடியேற்றத்துக்காகப் பண்டார் ஹிலிர் பக்கமெல்லாம் புதிதாகத் தார் போட்டார்கள். வெயிலும் புகையுமாக உழைத்ததில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்தவர் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. சாமி தோட்டங்களுக்குப் போயிருந்தார். ஒரு பிற்பகலில், மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டு போனபோது, அவர் அவள் கையைப் பிடித்தார்.

"நீ படிச்சத எனக்குச் செய். எங்க போனாலும் நாம ஒரே எடத்துல இருக்கணும்."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"வெளயாட்டுக்குச் சொல்ற நேரமா இது?"

அவள் குவளையில் தண்ணீர் எடுத்து வந்தாள். நெற்றிக்கு மேலே பிடித்தாள். பெயர் வரவேண்டிய இடம் வந்தது. வாய் திறக்கவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் உதட்டோரத்தில் பழைய சீண்டல் கொஞ்சம் இருந்தது போல அவளுக்குப் பட்டது. குவளை சாய்ந்துவிட்டது. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அவள் பதறிப் பிதாவிலிருந்து தொடங்கினாள். 'உங்களை' என்றுதான் முடித்தாள். தண்ணீர் காதோரமாக வழிந்து தலையணைக்குள் இறங்கியது. அவர் கண் அவள்மேலேயே இருந்தது, இன்னும் எதற்கோ காத்திருப்பது போல. பிறகு எதற்கும் காத்திராததாயிற்று.

அடக்கம் எங்கே என்ற பேச்சு வந்தபோது கொழுந்தன் தம்பிராஜா சண்டை போடவில்லை. வாசலில் நின்று மெதுவாகத்தான் கேட்டான்.

"அண்ணனே கேட்டுச்சா அண்ணி?"

"அவங்களேதான் கேட்டாங்க."

"அப்ப சரி. என்ன பேரச் சொல்லி ஊத்தினீங்க?"

அவள் படியில் கிடந்த கத்தியைப் பார்த்தாள்.

"பேரு சொல்லலையா? மாரியாயி கோயில்ல ஒரு அர்ச்சனைன்னாக்கூடப் பேரு கேக்கறாங்க அண்ணி. பேரு இல்லாமப் போன ஆள அங்க யாருன்னு உள்ள விடுவாங்க?"

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு அழுதான். சந்தியாகு முன்னின்று செபம் சொல்ல, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது.

எட்டாம் நாள் செபம் முடிந்து வந்தவர்கள் கலைந்த அன்று, விளக்கு வைக்கிற நேரத்தில், வாசல்படியில் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

ரெஜினாள் அடுப்படியிலேயே நின்றாள். தாரை வழிக்கிற கத்தியின் சத்தம். அவசரமில்லாமல், ஒரே சீராக. வெகுநேரம் நின்றுவிட்டு "வாங்க" என்றாள். சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி தொடங்கியது. கூப்பிட்டது தன்னைத்தானா என்று தெரியாதவன் மறுபடி வேலையில் குனிவது போல. போய்ப் பார்த்தால் படி வெறுமையாகக் கிடந்தது. கத்தி அவர் வைத்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த நாளும் கேட்டது. அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டு சீதா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். சீதா, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டிக் குடும்பத்துப் பெண். அவள் பேச்சு மலாய்தான், தமிழில் உறவுமுறை மட்டும் வரும்.

"சியாப்பா டத்தாங், அக்கா?" என்றாள். யார் வந்திருக்கிறது என்று கேட்கிறாள்.

"யாருமில்லை" என்று மலாயில் சொல்லிவிட்டு ரெஜினாள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். சீதாவுக்கும் கேட்டிருக்கிறது. ரெஜினாளுக்குப் பயம் வரவில்லை. அவர் வெளியிலே நிற்கிறார் என்பதுதான் அவளைக் குடைந்தது. ஒரே இடத்தில் இருக்க வேண்டுமென்று கேட்டவர் எந்த இடத்துக்குள்ளும் போக முடியாமல் நிற்கிறார்.

சாமி திரும்பி வந்ததும் நடந்ததை அப்படியே சொன்னாள். சுரண்டும் சத்தத்தை மட்டும் சொல்லவில்லை. சாமி யோசிக்காமலே பதில் சொன்னார்.

"செல்லும். பெயர் இல்லாவிட்டாலும் செல்லும். 'உங்களை' என்றது மரியாதை. சர்வேசுரனுக்கு அது புரியும்."

"இன்னொரு தரம் செய்ய வழி இருக்கா சாமி? கல்லறையிலயாவது?"

"ஒருவருக்கு ஒரு தடவைதான். செத்தவருக்குக் கிடையாது. வகுப்பில் சொல்லியிருக்கிறேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "சனிக்கிழமை நீ வர வேண்டும். செய்து காட்டியவர்களுக்கு அடுத்த ஞாயிறு பூசையில் சிலுவையில் பாடுபட்ட சுரூபம் கொடுக்கிறேன். அதன் பிறகு நான் இல்லாதபோது சனங்கள் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்."

"நான் வரல சாமி. ஒரு பேரு சொல்ல வாய் வராதவ எந்தச் சாவு வீட்டுக்குப் போவேன்?"

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் அவர், "சும்மா வந்து உட்கார்," என்றார்.

போய் உட்கார்ந்தாள். பொம்மை வழக்கம்போல ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தது. ஒவ்வொருவராகப் போய்ச் செய்தார்கள். சூசை என்றார்கள், மரியாள் என்றார்கள். சந்தியாகு தன் மாமனார் பெயரைச் சொல்லி 'உன்னை' என்று அழுத்தி முடித்துவிட்டு, "ஒரு தடவையாச்சும் சொல்லிட்டேன் சாமி," என்றான். சிரிப்பு அடங்கியபோது ரெஜினாள் எழுந்து நின்றிருந்தாள்.

மேசை வரை போனாள். குவளையை எடுத்தாள். பொம்மையின் திறந்த கண் அவளையே பார்த்தது. சத்தமில்லாமல் காத்திருந்தது.

சொல்லிவிட்டால் அந்தச் சுரண்டல் நின்றுவிடும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்காகத் தான் காலையிலிருந்தே காத்திருப்பதும் உறைத்தது. சொல்லாவிட்டால் அவர் வந்துகொண்டிருப்பார். படியோடு நிற்பார், ஆனாலும் வருவார்.

குவளை அந்தரத்தில் நின்றது. சாமி வாய் திறந்து எடுத்துக்கொடுக்கவில்லை.

"விநாயகம்," என்றாள் ரெஜினாள்.

கோயில் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டிராத பெயர். பின்வரிசைப் பெண் ஒருத்தி மூச்சை இழுத்தது கேட்டது. சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அது யார் பெயரென்று தெரியும், அவன்தான் முன்னின்று புதைத்தவன். தண்ணீர் பொம்மையின் நெற்றியில் ஓடியது. அவள் பிதாவைச் சொன்னாள், சுதனைச் சொன்னாள், இஸ்பிரீத்து சாந்துவைச் சொன்னாள். 'உன்னை' என்று முடித்தாள். அந்தச் சொல் வாயைச் சுட்டது. கூடவே, அவரை முதல்முறையாகத் தொட்டது போலவும் இருந்தது.

"தண்ணீர் ஓடியது," என்றார் சாமி. தன் கைக்குட்டையை எடுத்துப் பொம்மையின் முகத்தைத் துடைத்தார்.

வீடு திரும்பி விளக்கேற்றிவிட்டுக் கதவருகே உட்கார்ந்தாள். சீதா வீட்டில் கோழிகளை அடைத்தார்கள். பாங்கு ஓசை வந்து அடங்கியது. இருட்டு படி வரைக்கும் வந்தது. சுரண்டும் சத்தம் வரவில்லை. அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க," என்றாள் ஒருமுறை, பழக்கத்தில்.

பிறகு எழுந்துபோய்ப் படியிலிருந்த கத்தியை எடுத்தாள். அலகில் தார் காய்ந்திருந்தது. அதைத் துடைக்காமல் உள்ளே கொண்டுவந்து, சுரூபம் வைப்பதற்கென்று ஒழித்து வைத்திருந்த மாடத்தில் வைத்தாள். கதவைச் சாத்தவில்லை.