பஸ் திரும்புற இடம்

கங்கையா கடப்பாரையை மாட்டுக்கொட்டகையின் நடுத்தூணுக்கு அடியில் விட்டு நெம்பினான். அவன் மனைவி ரத்னம்மா ஓடுகளை இறக்கி, உடையாததைத் தனியாக அடுக்கினாள். வேப்பமரத்தில் கட்டியிருந்த பசு தன் வீடு போவதைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

கம்பெனி ஆள் ஹரிபாபு டேப்பைச் சுருட்டிக்கொண்டே வந்தான். வரதய்யபாளையம் பக்கம் புதிதாக வந்த போன் கம்பெனி. ஊரும் கம்பெனியும் கூட்டாளிகள் என்று போன மாதம் மைக்கில் பேசியவன் அவன்தான்.

“இன்னும் நாலடி வேணும்மா. வேலைக்கு ஆளு ஏத்துற கம்பெனி பஸ்ஸு பெத்தது, ரொம்பப் பெருசு. பெரியவங்க இருக்கற மேலூர் சந்துல திரும்பாது. ரோடு முடியற உங்க காலனியிலதான் திருப்பணும்.”

“நாலடி குட்தா பஸ்ஸு எங்க அடுப்புலதான் சார் நிக்கும். டிரைவருக்கு நானே சோறு போட்டுட்றேன். எம்பொண்ணு வேலை இன்னா ஆச்சி?” என்றாள் ரத்னம்மா.

“இடம் குடுத்தவங்க பொண்ணுக்கு இல்லாமலா?”

“இதையும் மைக்குல சொல்லேன் சார்,” என்றான் கங்கையா.

ஹரிபாபு சிரித்தான். நாலடியும் போனது.

திங்கட்கிழமை விடிவதற்குள் மகள் துர்காதேவி, கம்பெனிப் பயிற்சியில் கொடுத்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸோடு வாசலில் நின்றாள். கூடப் பயிற்சி முடித்த காலனிப் பெண்கள் ஐந்து பேரும் வந்துவிட்டார்கள்.

பஸ் வந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் மேலூர்ப் பெண்கள், அதே நீலக் கோட்டில். ஹரிபாபு மட்டும் இறங்கினான்.

“நாப்பது பேருக்குதாம்மா வேலை ஆர்டரு. மேலூர் தலைவரு, சர்பஞ்சு, அனுப்புனவங்களே நாப்பது ஆயிட்டாங்க. அடுத்த தபா சூஸ்தாம், பாக்கலாம்.”

“அப்ப பஸ்ஸு ஏன் சார் இங்க வந்திச்சி?” என்றாள் துர்காதேவி.

அவன் டயரைப் பார்த்தான். “திரும்பணும் இல்ல?”

டிரைவர் ரிவர்ஸ் போட்டான். பஸ்ஸின் பின்பக்கம் நேராகச் சமையல்கட்டுச் சுவரைப் பார்த்து வந்தது. ரத்னம்மா ஓடிப்போய் பஸ்ஸின் தகரத்தைப் படபடவென்று தட்டினாள்.

“வா, வா, ஒடிச்சி வா... டேய், போதும் நிறுத்து! செவுரு!”

நின்றது. திரும்பிப் போனது. துர்காதேவியும் மற்ற ஐந்து பேரும் கோட்டின் பட்டன்களைக் கழற்றினார்கள்.

“தட்டுனதுக்கு எதுனா சம்பளம் போடுவாங்களாமா?” என்றான் கங்கையா.

மறுநாள் பஸ் வருமுன் அவள் சுவர் மூலையில் ஒரு கொம்பு நட்டாள். துர்காதேவியின் கோட்டை அதில் மாட்டி, கைகளை இரண்டு பக்கமும் விரித்துக் குச்சியில் கட்டினாள், டிரைவரின் கண்ணாடியில் தெரியும்படி. துர்காதேவி அதற்குள் மேலூர்க்காரர் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களையெடுக்கப் போயிருந்தாள்.

பஸ் பின்னாலேயே வந்து, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்று, திரும்பியது.