எண் எழுதாத வரைபடத்தாள்

சிவப்பு மைப் பேனாவின் மூடி உருண்டு பெஞ்சுக்கு அடியில் போனதால்தான் ஜெயபாய் டீச்சர் குனிந்தார். மூடி கிடைத்தது. அதன் பக்கத்தில், பெஞ்சுக் காலுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு வரைபடத்தாள் கிடந்தது. பச்சைக் கட்டங்களின் மேல் பென்சிலில் ஒரு பரவளையம், அதை வெட்டிப் போகும் ஒரு நேர்கோடு. நூல் கோக்கும் துளை கிழிந்திருந்தது. தேர்வு எண் எழுத வேண்டிய மூலை வெறுமையாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமின் கடைசி நாள் அது. எண்பத்தொன்பதாம் வருஷத்து மே மாதம். காலையில் வந்த தொண்ணூறு கணக்குத் தாள்களையும் அவர்கள் மேசையின் ஆறு பேரும் திருத்தி முடித்து, பக்கத்து அறைக்கு அனுப்பியாயிற்று. ஒன்றரைக்கு வேன் வந்து எடுத்துப் போய்விடும். போய்விட்டால் இந்தத் தாளை அதற்குரிய பிள்ளையிடம் சேர்க்க ஒருவராலும் முடியாது. வரைபடக் கேள்விக்குப் பத்து மதிப்பெண். முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி.

டீச்சர் ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனார். தை மாதம் அம்மா இறந்த பிறகு வீட்டுச் சாவி அவர் ஒருவரிடம்தான் இருந்தது. மாலையில் பூட்டைத் திறக்கும்போது உள்ளிருந்து யாரும் ‘யாரது?’ என்று கேட்பதில்லை. இந்தப் பத்து நாளும் முழங்கையோடு முழங்கை இடிக்க உட்கார்ந்து, ஒருவர் கூட்டிய மதிப்பெண்ணை இன்னொருவர் சரிபார்த்தது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கட்டுகள் குறையக் குறைய மற்றவர்கள் மகிழ்ந்தார்கள். அவர் மட்டும் இன்னும் இரண்டு நாள் வந்தால் நன்றாயிருக்குமே என்று நினைத்தார். முதல் தாளைப் பிரிக்கும் முன் ஒரு கணம் கண்ணை மூடி, முகம் தெரியாத அந்த எண்ணுக்காக ஜெபிப்பது அவர் வழக்கம்.

முதன்மைத் தேர்வாளர் ராஜரத்தினம் டிபன் பாக்ஸோடு எழுந்தார்.

“என்ன டீச்சர், இன்னைக்கும் தயிர்சாதந்தானா? நீங்க மாறிலிச் சார்புல்லா! எக்ஸுக்கு என்ன மதிப்பு குடுத்தாலும் ஒய் தயிர்சாதம்.”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். ஆனால் எங்கும் ஏறாமல், எங்கும் இறங்காமல், எக்ஸ் அச்சைத் தொடாமல் போய்க்கொண்டே இருக்கும் அந்தச் சார்பின் படுத்த கோடு ஒரு நொடி கண்ணில் வந்துபோனது. அவர் தாளை மேசைமேல் வைத்தார்.

ராஜரத்தினத்தின் சிரிப்பு நின்றது. “எங்க கெடந்துச்சு?”

“பெஞ்சுக்கு அடியில சார். நேத்துச் சாயங்காலம் பெருக்குனப்ப இல்ல. இன்னைக்கு வந்த கட்டுலதான் விழுந்திருக்கு.”

பெஞ்சின் அந்த மூலையில் உட்கார்ந்திருந்தவர் உப்பிலி. இதுதான் அவருக்கு முதல் முகாம். நெற்றித் திருமண் வியர்வையில் கரைந்திருந்தது. “என்னோட கட்டாத்தான் இருக்கும் சார்” என்றார் மெல்ல.

“மெமோ வாங்கப் பாக்கீரா? கிராஃப் வைக்காமக் குடுத்த பயலுவளே பத்துப் பேரு இருப்பான். எத எதோட சேக்க? பேசாம சாப்பிட வாரும்.”

ராஜரத்தினம் கெட்ட மனிதர் இல்லை. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டும், தேவதானம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

டீச்சர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாக எத்தனையோ பரவளையங்கள். அடியில் கூராக முடிந்தவை, ஸ்கேல் வைத்துத் துண்டு துண்டாகக் கோத்தவை. இந்தப் பிள்ளை கைக்கு நல்ல நிதானம். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல ஏறியிருந்தது. ஆனால் கீழே, இடது கோடியில், தனியாக ஒரு புள்ளி. கழித்தல் மூன்றை அதாலேயே பெருக்கும்போது கழித்தல் குறியையும் கூடவே கொண்டுவந்து, ஒன்பதை மேலே வைப்பதற்குப் பதில் கீழே வைத்துவிட்டது. கோடு வரையும்போது கைக்கு உண்மை தெரிந்திருக்கிறது. மேலே ஏறிப் போய்விட்டது. வைத்த புள்ளியை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. எந்தக் கோட்டோடும் சேராமல் அது அங்கேயே இருந்தது.

“சார், இதுல ஒரு தப்பு இருக்கு. இதே தப்பு விடைத்தாள்ல போட்ட அட்டவணையிலயும் இருக்கும். அத வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்.”

பக்கத்து அறையில் உதவியாளர் சோலைச்சாமி கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“கட்டுன கட்ட அவுக்கச் சொல்லுதியளே டீச்சரம்மா! வேன்காரன் வந்து என்னைய வைவான். புதுப்பட்டி பஸ்ஸும் போயிரும்.”

“ஒரு பிள்ளையோட தாளு சோலைச்சாமி. செத்த நேரந்தான்.”

சோலைச்சாமி அந்தப் பச்சைத் தாளைப் பார்த்தார். அதில் அவருக்கு எதுவும் புரிந்திருக்காது. “யாரு பெத்த புள்ளையோ” என்று முனகிக்கொண்டே முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

உப்பிலியும் டீச்சரும் தரையில் உட்கார்ந்தார்கள். ‘வரைபடம் இல்லை’ என்று சிவப்பில் எழுதிய தாள்கள் ஆறு கிடைத்தன. நான்காவதில் டீச்சரின் விரல் நின்றது. அட்டவணையில் கழித்தல் மூன்றுக்கு நேர் கீழே, கழித்தல் ஒன்பது.

“கெடச்சிருச்சு” என்றார்.

சாப்பாட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றிருந்த ராஜரத்தினம் உள்ளே வந்து முகப்பைப் பார்த்தார். பத்தொன்பது. வரைபடத்துக்கு, அந்தப் புள்ளிக்குக் குறைத்து, ஏழு போடலாம். மொத்தம் இருபத்தாறு.

“அப்பவும் பெயிலுதான் டீச்சர்” என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. “இதுக்கா இம்புட்டுப் பாடு?”

முப்பத்தைந்தைத் தொட்டுவிடும் என்று டீச்சரும் நம்பியிருந்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார்.

“பெயிலானாலும் அது போட்ட கோடு அதுக்குச் சேரணும்ல சார்.”

ஏழு என்று எழுதினார். ராஜரத்தினம் பேனாவை வாங்கி, திருத்திய கூட்டலுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். சோலைச்சாமி வெள்ளை நூலைக் கோத்து இரண்டு முடிச்சுப் போட்டார். வேனின் ஹாரன் கேட்டது.

நாலரை மணிக்கு டீச்சர் பஸ் நிலையம் வந்தபோது ராஜபாளையம் பஸ்ஸில் படிவரை கூட்டம். ஏற முடியாமல் திரும்பியவரை ஒரு குரல் கூப்பிட்டது. ஜன்னலுக்கு வெளியே உப்பிலி நின்றுகொண்டிருந்தார். உள்ளே கைவிட்டு ஒரு சீட்டில் கைக்குட்டை போட்டிருந்தார்.

“டீச்சர், இது உங்களுக்குத்தான். ஏறுங்கோ.”

டீச்சர் கூட்டத்தில் நுழைந்து அந்தச் சீட்டருகே போய், கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியே கேட்டார். “நீங்க இந்த ஊருதானே? இதுக்காகவா வந்தீங்க?”

அவர் பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்தது. டீச்சர் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கைக்குட்டை தன் கையிலேயே இருப்பதைப் பார்த்தார். ஓரத்தில் நீலக் கோடு போட்டது. மடியில் வைத்து நாலாக மடித்தார். பக்கத்தில் நின்ற பெண் தன் குழந்தையைக் கேட்காமலே அவர் மடியில் இறக்கினாள். குழந்தை அந்தக் கைக்குட்டையைப் பிரித்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டு, அதற்குள்ளிருந்து, “யாரது?” என்றது.