இரண்டாவது எடை

கங்கைகொண்டான் எடைமேடையில் எட்டு வருடமாகக் கலையரசிதான் உட்கார்ந்திருக்கிறாள். சரக்கோடு லாரி ஏறினால் முதல் எடை. இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினால் இரண்டாவது எடை. கழித்துப் போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. அதற்கு அவளும் ஒரு பழைய கம்ப்யூட்டரும், கால் ஆடுகிற ஒரு நாற்காலியும் போதும். கம்ப்யூட்டருக்குப் பதினெட்டு வயது. இந்த வருசம் அதுக்கும் ஓட்டு உண்டு என்று அவளே கேலி செய்வாள்.

விஜயதசமியன்று காலை எட்டரைக்கு அவள் வந்தபோது மேடையின் மேல் ஒரு சிவப்புக் கார் நின்றது. சுவரில் மாட்டிய எண்பலகை 990 என்று காட்டிக்கொண்டிருந்தது. அங்கேதான் நிழல் இருக்கிறதாம், அதனால் மேடையிலேயே நிறுத்திவிட்டார் துரை. துரை வேறு யாருமில்லை, முதலாளி ஆவுடைநாயகத்தின் தங்கச்சி மகன் ஞானசம்பந்தன். வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான்.

அவன்தான் காலையில் வந்து பெட்டியைப் போட்டுப் பார்த்தானாம். கீபோர்டும் வேலை செய்யவில்லை, மவுஸும் வேலை செய்யவில்லை, மதர்போர்டு போய்விட்டது என்று மாமாவிடம் தீர்ப்பே எழுதிவிட்டான். காரின் பின் சீட்டில் புதுப் பெட்டியும் ஒரு கேமராவும் தயாராக இருந்தன. கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும், சீட்டு டிரைவரின் போனுக்குப் போய்விடும், ஆள் உட்கார வேண்டிய அவசியமே இல்லை என்றான். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது சிரித்தான்.

கலையரசி வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான். முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். பத்தரைக்கு மறுபூஜை, பூஜை முடிந்ததும் முதல் லாரி ஏறும், அதற்குள் பழையது ஓடினால் ஓடட்டும், இல்லையென்றால் புதியதை மாட்டிவிடலாம் என்றார்.

"அண்ணாச்சி, பெட்டி சாகல. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

திரையில் ஒரு வரி நின்றுகொண்டிருந்தது. கீபோர்டு இல்லை, மேலே போக F1-ஐ அமுக்கு என்று. இல்லை என்று அதுவே சொல்லிவிட்டு, அதிலேயே ஒரு பொத்தானை அமுக்கவும் சொல்கிறதே, இந்தக் கொழுப்பு மனுசனுக்குக்கூட வராது.

பழைய பெட்டி என்பதால் பின்னால் இரண்டு வட்டத் துளைகள். ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. மாற்றிச் செருகியிருக்கிறானா என்று முதலில் பார்த்தாள். இல்லை. ஆனால் ஓடுகிற பெட்டியில் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியிருக்கிறான். இந்த வட்டப் பின்னுக்கு அது ஆகாது. அணைத்து, செருகி, மறுபடி போட்டால்தான் ஆளைத் தெரிந்துகொள்ளும். அவள் அணைத்தாள். ஆயுத பூஜைக்கு வைத்ததில் துளையோரம் அப்பியிருந்த சந்தனத்தைத் துடைத்தாள். போன் வெளிச்சத்தில் பார்த்தாள், கம்பிகள் ஒன்றும் வளையவில்லை. செருகிவிட்டு மறுபடி போட்டாள். அதே வரிதான் வந்தது.

கீபோர்டில் கண் சிமிட்ட வேண்டிய மூன்று விளக்கும் சிமிட்டவில்லை. மவுஸின் வயிற்றில் சிவப்பு வெளிச்சம் இல்லை. அலமாரியில் இருந்த உபரிக் கீபோர்டை மாட்டினாள், அதுவும் இருட்டு. ஞானசம்பந்தனிடம் புதுக் கீபோர்டைக் கேட்டு வாங்கி, பின்னால் இருக்கிற யுஎஸ்பி துளையில் செருகினாள். அதிலும் உயிர் இல்லை. முன்பக்கத் துளைகளோ எலி ஒயரைக் கடித்த நாளிலிருந்தே செத்தவை.

அவளுக்குச் சந்தோசம் வந்துவிட்டது. மூன்று கீபோர்டும் ஒரு மவுஸும் ஒன்றாகக் கெட்டுப்போகுமா? வீட்டில் எல்லா விளக்கும் ஒரேயடியாக அணைந்தால் பல்பையா மாற்றுவார்கள், பீஸ் போயிருக்கிறதா என்றுதானே பார்ப்பார்கள். அந்த வரிசைக்கே கரண்ட் வரவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினாள்.

"அதான் மதர்போர்டுன்னு சொன்னேன்லா" என்றான் ஞானசம்பந்தன்.

"தொறந்து பாத்தா சொன்னீங்க, தம்பி?"

திறக்காமல் என்ன, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இந்தப் பெட்டியைத் திறந்து புளோயர் வைத்துத் தூசியை ஊதியதே தான்தான் என்று அவன் பெருமையாகச் சொன்னான். கலையரசி அதை மனதில் வாங்கிக்கொண்டாள்.

எதைத் திறந்தாலும் கை வைக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது அவள் பழக்கம். போன கோடையில் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியபோது எடுத்த படத்தைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். துளைகளுக்கு நேர் பின்னால் பலகையில் மூன்று ஊசிகள் நின்றன. படத்தில் அவற்றில் இரண்டுக்குச் சேர்த்து ஒரு நீலத் தொப்பி. இப்போது மூன்றும் மொட்டை. அந்தத் தொப்பி வழியாகத்தான் கரண்ட் துளைகளுக்குப் போக வேண்டும். ஊதின ஊதலில் அது பறந்திருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவன் மதர்போர்டு போச்சு என்கிறான்.

நோய் தெரிந்துவிட்டது, மருந்து எங்கே? தொப்பி துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். குப்பையோடு போயிருக்கும் என்றான் ஞானசம்பந்தன். முதலாளி உச்சுக்கொட்டினார். கலையரசி, அன்று அறையைக் கூட்டிய ஆறுமுகத்தாயைக் கூப்பிட்டு, நீலமாகப் பொடிசாக ஏதாவது கிடந்ததா என்று கேட்டாள்.

"கெடந்துச்சு. பொட்டிக்குள்ள இருந்து விழுந்ததக் குப்பையிலயா போடுவேன்? அதுவும் ஆயுதந்தானே? சந்தனம் வச்சுத் தாம்பாளத்துல வச்சுருக்கேன்."

சரஸ்வதி படத்துக்கு முன்னால் தாம்பாளம் இருந்தது. ஸ்பேனர், கத்தரிக்கோல், முத்திரை, பில் புத்தகம். ஓரத்தில் ஒரு வெற்றிலை. அதன் மேல் நீலத் தொப்பி, சந்தனப் பொட்டும் குங்குமமுமாகச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

மணி பத்தேகால். கலையரசி கை நீட்டவில்லை. மறுபூஜை ஆகாமல் தாம்பாளத்தில் படைத்ததை எடுப்பது அந்த இடத்தில் வழக்கமில்லை. முதலாளி விடவும் மாட்டார், அவளுக்கும் மனசு வராது. ஞானசம்பந்தனுக்குக் குளிர்ந்துவிட்டது. பத்தரை வரைக்கும் தொடக் கூடாது, பத்தரையோடு கெடுவும் முடிந்தது, பெட்டியை இறக்கவா மாமா என்றான்.

"நல்ல நேரத்துக்குத் தேங்காய ஒடைங்க அண்ணாச்சி. கற்பூரம் அணையுததுக்குள்ள ஓடும். ஓடலன்னா நானே எந்திரிச்சுப் போயிருதேன்."

முதலாளி அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். சரி என்று தலையசைத்தார். அந்தக் கால் மணி நேரமும் அவள் பதறவில்லை. பிரிண்டரில் சீட்டுத் தாளை ஏற்றி வைத்துவிட்டுக் கை கழுவி வந்தாள்.

பத்தரைக்குத் தேங்காய் உடைந்தது. கற்பூரம் ஏற்றினார்கள். அவள் தொப்பியை எடுத்துக் கண்ணில் ஒற்றி, சந்தனத்தைத் துளி ஒட்டாமல் துடைத்தாள். எந்த இரண்டு ஊசி என்று படத்தை இன்னொரு தடவை பார்த்துப் பைய அழுத்தினாள். பிளக்கைச் செருகிப் பொத்தானைத் தட்டினாள்.

கீபோர்டின் மூன்று விளக்கும் சிமிட்டின. மவுஸின் வயிறு சிவந்தது. எடை போடுகிற பக்கம் திரையில் வந்து நின்றபோது கற்பூரம் பாதிதான் எரிந்திருந்தது.

வெளியே ஹாரன் சத்தம். ஆழ்வார்திருநகரி வாழைத்தார் ஏற்றிக்கொண்டு டிரைவர் வன்னியராஜின் லாரி வந்து நின்றது. அது ஏற முடியாமல் மேடையில் இன்னும் சிவப்புக் கார். திரையிலும் 990. கலையரசி ஒரு நிமிசம் பார்த்தாள். கார் எண்ணைத் தட்டினாள், சீட்டை அடித்தாள், கிழித்து ஞானசம்பந்தனிடம் நீட்டினாள்.

"மொத எடை போட்டாச்சு, தம்பி. புதுப் பெட்டியக் கொண்டுபோய்க் கடையில எறக்கிட்டு வெறும் வண்டியா வாங்க. ரெண்டாவது எடை போட்டுத் தாரேன்."

ஆறுமுகத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஞானசம்பந்தன் மாமாவைப் பார்த்தான். மாமா திருநீற்றுத் தட்டை முதலில் கலையரசியிடம் நீட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"ஏலே, வெறும் வண்டியா வராண்டாம். வரும்போது ஒரு நல்ல நாக்காலி வாங்கிட்டு வா. இவ நாக்காலி கால் ஆடுது."